கோபேயில் கப்பலை விட்டு இறங்கியவர்

போன மாதம் என் மச்சாள் ஜப்பானுக்குப் போய் வந்தாள். பத்து நாள் பயணம். வந்த அடுத்த சனிக்கிழமை அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இருந்துகொண்டு எங்களுக்குப் படம் காட்டினாள். கைபேசியில் நானூறு படம். நூடில்ஸ் கிண்ணம், கோயில் வாசலில் மான், கோபே துறைமுகத்தில் சிவப்புக் கோபுரம், அங்கிருந்து ஏறிய புல்லட் ரயில், ரயிலுக்குள் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டி, அந்தப் பெட்டியைத் திறந்த பிறகு இன்னொரு படம்.

என் அப்பாவும் கூட இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போகும் வரை ஒவ்வொரு படமாகப் பொறுமையாகப் பார்த்தார். கடைசிப் படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரி பிள்ளை, அங்க என்ன கண்டனீ?"

மச்சாள் சிரித்துவிட்டாள். "மாமா, இவ்வளவு நேரமும் அதைத்தானே காட்டினனான்!"

நாங்களும் சிரித்தோம். ஆனால் அப்பா பகிடிக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது 1893இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தை எனக்கு ஞாபகப்படுத்தியது. ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, ரயில் ஏறி, அந்த நாட்டைப் பார்த்த ஒருவர், சென்னையில் இருந்த தன் நண்பர்களுக்கு "நான் என்ன கண்டேன்" என்று எழுதிய கடிதம் அது.

எழுதியவரை உங்களுக்கும் தெரியும். கோயில் மண்டபத்திலோ, தமிழ்ப் பள்ளிக்கூடச் சுவரிலோ, தலைப்பாகையோடு கைகட்டி நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். விவேகானந்தர். படத்தில் இருக்கும் சுவாமியை இன்று கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். முப்பது வயதில் இந்தியாவை விட்டு முதல் தடவையாகக் கப்பலேறிய ஒரு பயணியாக மட்டும் அவரைப் பார்ப்போம்.

டிக்கெட் யாருடைய காசு?

1893 செப்டெம்பரில் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் உலகச் சமயங்களின் மாநாடு நடக்கவிருந்தது. போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. கையில் காசு இல்லை. துறவியிடம் எப்படி இருக்கும்?

காசு சேர்த்தவர்கள் சென்னை இளைஞர்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். அப்போது அவருக்கு வயது 28 இருக்கும். சொந்த வீட்டிலேயே செலவுக்குத் திண்டாட்டம். ஆனாலும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் அவரைப் போலவே சாதாரண சம்பளக்காரர்கள். பெரிய இடத்து உதவியும் வந்தது. ராஜஸ்தானில் உள்ள கேத்ரியின் அரசர் டிக்கெட்டை முதல் வகுப்பாக மாற்றிக் கொடுத்தார். மே 31ஆம் திகதி பம்பாயிலிருந்து 'பெனின்சுலர்' என்ற கப்பல் புறப்பட்டது. வழியனுப்ப அளசிங்கர் சென்னையிலிருந்து பம்பாய் வரை போயிருந்தார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளிலும் பயணம் என்றால் இப்படித்தான் தொடங்கியது. லண்டனுக்கோ டொரொண்டோவுக்கோ ஒருவர் வந்து சேர்வதற்கு யாரோ ஒருவரின் தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்கும். ஒரு மாமா சீட்டுக் கட்டி எடுத்த காசு, ஒரு அக்காவின் காப்பு, ஒரு காணித்துண்டு, எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆள் விமானம் ஏறினார். மற்றவர்களின் காசில் போகிறவருக்கு ஒரு கடன் இருக்கிறது. காசை மட்டும் திருப்பிக் கொடுத்தால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

கப்பல் ஊதும் வரை

அந்தக் காலத்தில் கப்பல் பயணிகளுக்கு ஊர் பார்ப்பது என்பது கப்பலின் மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்ட வேலை. நிலக்கரி ஏற்றும் வரை, சரக்கு இறக்கும் வரை நேரம் உண்டு. அதற்குள் இறங்கி, ஒரு வண்டி பிடித்து, ஓடி ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

முதல் நிறுத்தம் கொழும்பு. கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்கக் கப்பல் நின்றது. அவர் இறங்கித் தெருக்களைச் சுற்றினார். படுத்த நிலையில் இருக்கும் பெரிய புத்தர் சிலையுள்ள ஒரு கோயிலுக்குப் போனார். பிறகு பினாங்கு. சிங்கப்பூரில் அருங்காட்சியகத்தையும் தாவரவியல் பூங்காவையும் பார்த்தார். அங்கே மங்குஸ்தான் பழம் எவ்வளவு மலிந்து கிடக்கிறது என்று எழுதினாலும், மாம்பழத்துக்கு ஈடு வேறெதுவும் இல்லை என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. ஹொங்கொங்கில் மூன்று நாள். அங்கிருந்து கன்டனுக்கும் போய் வந்தார். பிறகு ஜப்பானின் நாகசாகி. அங்கே சில மணி நேரம்தான்.

அடுத்த துறைமுகம் கோபே. இங்கேதான் அவர் வழக்கத்தை மாற்றினார். அவர் போகவேண்டிய யோகோஹாமாவுக்குக் கடல் வழியாகவே போயிருக்கலாம். அங்கிருந்துதான் பசிபிக் கடலைக் கடக்கும் கப்பல் பிடிக்க வேண்டும். ஆனால் கோபேயில் கப்பலை விட்டுவிட்டார். தரை வழியாகப் போனால் நாட்டின் உட்பகுதியைப் பார்க்கலாம் என்பதுதான் காரணம். அதை அவரே நண்பர்களுக்கு எழுதியிருக்கிறார்.

1893இல் கோபே

கோபேயின் முன்னால் கடல். முதுகுக்குப் பின்னால் ரொக்கோ மலை. நடுவில் ஒரு ஒடுக்கமான பட்டியாக நகரம். வெளிநாட்டு வணிகத்துக்கு அந்தத் துறைமுகம் திறந்தது 1868 ஜனவரி 1ஆம் திகதி. அதற்கு முன் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஜப்பான் வெளியாருக்குக் கதவை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தது. மேற்கு நாடுகளின் போர்க் கப்பல்கள் வந்து நெருக்கிய பிறகுதான் ஒவ்வொரு துறைமுகமாகத் திறந்தது.

திறந்தபோது போட்ட ஒப்பந்தங்கள் சமமானவை அல்ல. கோபேயின் கரையோரத்தில் நேர் நேராகத் தெரு போட்ட ஒரு பகுதி வெளிநாட்டவருக்கென்று தனியாக இருந்தது. அங்கே நிர்வாகமும் அவர்களுடையதுதான். ஜப்பான் மண்ணில் ஒரு ஆங்கிலேயர் குற்றம் செய்தால் அவரை விசாரிப்பது ஆங்கிலேய நீதிமன்றம். இந்த ஏற்பாடு 1899 வரை நீடித்தது.

பதிலுக்கு ஜப்பானும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. திறந்த துறைமுகங்களைச் சுற்றிச் சுமார் 40 கிலோமீட்டருக்குள் மட்டும்தான் வெளிநாட்டவர் சுதந்திரமாக நடமாடலாம். அதைத் தாண்டி உள்நாட்டுக்குள் போகத் தனியாகப் பயண அனுமதி எடுக்க வேண்டும். கோபேயிலிருந்து கியோட்டோவுக்குப் போவதற்கும் அந்தத் தாள் இல்லாமல் முடியாது. உட்பகுதியில் பயணம் செய்யப் பாஸ்போர்ட் வேண்டும் என்ற விஷயத்தை விவேகானந்தரும் கடிதத்தில் மறக்காமல் குறிப்பிடுகிறார். பாஸ்போர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் இல்லையா? அது 1893இலும் அப்படித்தான்.

கோபேயைப் பற்றித் தனியாக அவர் எழுதியது கொஞ்சம்தான். ஆனால் அந்த ஆண்டு அங்கே இறங்கிய எவருக்கும் பார்க்க என்னென்ன இருந்தன என்று சொல்லலாம். ஊருக்குப் பின்னால் நடந்து போகும் தூரத்தில் நுனோபிகி அருவி. பழைய ஹியோகோ பக்கத்தில் நோஃபுகு-ஜி என்ற கோயிலில், இரண்டே வருடத்துக்கு முன் 1891இல் வைத்த மிகப் பெரிய வெண்கலப் புத்தர். இந்தப் புத்தரை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு மறுபடியும் வருவார்.

இன்னொன்றும் இருந்தது. கோபேயும் அதன் சுற்றுவட்டாரமும் அப்போது ஜப்பானின் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர் போனவை. அங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேறிய தீக்குச்சிகள் ஆசியாவின் பல ஊர் அடுப்புகளைப் பற்றவைத்தன. கோயில்களைப் பார்த்த அதே கண்ணால் தீப்பெட்டித் தொழிற்சாலைகளையும் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார் விவேகானந்தர். தங்களுக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் தங்கள் நாட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று இவர்கள் பிடிவாதமாக நிற்கிறார்கள் என்பதுதான் அவர் கண்டது.

ரயில் ஜன்னல்

ஜப்பானில் முதல் ரயில் ஓடியது 1872இல், டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையில். கோபேக்கும் ஒசாகாவுக்கும் இடையில் 1874இல் ஓடியது. 1877இல் அது கியோட்டோ வரை நீண்டது. 1889 ஜூலையில் டோக்கியோவும் கோபேயும் ஒரே பாதையில் இணைந்தன. ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தூரம், சுமார் 20 மணி நேரப் பயணம். அதே தூரத்தை என் மச்சாள் மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிட்டாள், சாப்பாட்டுப் பெட்டி முடியும் முன்பே.

அந்த ரயில்பாதையைத் தொடங்கி வைத்தவர்கள் இங்கிருந்து போன பொறியாளர்கள். முதல் தலைமைப் பொறியாளர் எட்மண்ட் மொரல் ஒரு ஆங்கிலேயர். முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே, 1871இல் இறந்துபோனார். யோகோஹாமாவில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது. ஆனால் ஜப்பானியர் அவர்களிடம் கற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கியோட்டோவுக்கும் ஓட்சுவுக்கும் நடுவில் மலையைக் குடைந்து போட்ட ஓசகயாமா சுரங்கப்பாதை 1880இல் முடிந்தது. வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவரும் இல்லாமல் ஜப்பானியர் தாங்களே தோண்டிய முதல் மலைச் சுரங்கம் அது. தங்கள் பொறியாளர்களே சுரங்கம் தோண்டுகிறார்கள் என்பதை விவேகானந்தரும் கவனித்துச் சென்னைக்கு எழுதினார்.

அதே காலத்தில் இந்தியாவிலும் ரயில் ஓடியது. 1853இலிருந்தே ஓடியது. ஜப்பானை விடப் பத்தொன்பது வருடம் முந்தியது. இலங்கையிலும் 1860களிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ரயில்கள் யாருக்காக ஓடுகின்றன என்பதைத் தீர்மானிப்பவர் லண்டனில் இருந்தார். கோபே ரயிலில் இருந்தபோது அவருக்கு உறைத்தது இந்த வித்தியாசமாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஒசாகாவைத் தொழில் நகரமாகவும், கியோட்டோவைப் பழைய தலைநகரமாகவும், டோக்கியோவைப் புதிய தலைநகரமாகவும் பார்த்தார். டோக்கியோ கல்கத்தாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது என்று தன் சொந்த ஊரை வைத்தே அளந்து சொன்னார். தெருக்களின் சுத்தம், ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் உள்ள சின்னத் தோட்டம், அதில் குட்டிக் கல் பாலம் எல்லாம் கடிதத்தில் வருகின்றன. ஒன்று அவரைத் தூக்கிவாரிப் போட்டது. ஜப்பானியக் கோயில்களில் சமஸ்கிருத மந்திரங்கள் பழைய இந்திய எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அவருடைய கண்ணுக்கு அவை பழைய வங்காள எழுத்தாகத் தெரிந்தன. வெகுதூரம் போன இடத்தில் தன் வீட்டுச் சாமான் ஒன்றைக் கண்டது போல அவருக்கு இருந்திருக்கும்.

கடிதம்

1893 ஜூலை 10ஆம் திகதி, யோகோஹாமாவின் ஓரியண்டல் ஹோட்டலில் இருந்து அளசிங்கருக்கும் மற்றச் சென்னை நண்பர்களுக்கும் அவர் எழுதிய அந்தக் கடிதம் இரண்டு பாகமாகப் படிக்கத் தக்கது. முதல் பாகம் நல்ல பயணக் கடிதம். எந்த ஊர், என்ன பழம், என்ன கோயில். இரண்டாம் பாகத்தில் அவர் ஏசத் தொடங்குகிறார். உண்மையாகவே ஏச்சு.

நூற்றாண்டுக் கணக்கில் எதைத் தொடலாம், எதைச் சாப்பிடலாம் என்று வாதாடிக்கொண்டு இருக்கிறீர்களே என்கிறார். படித்துப் பட்டம் வாங்கியும் முப்பது ரூபா குமாஸ்தா வேலைக்கும், மிஞ்சினால் வக்கீல் வேலைக்கும்தானே ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்கிறார். வெளியே வாருங்கள், உலகம் எப்படி முன்னே போகிறது என்று பாருங்கள் என்கிறார். ஒவ்வொரு வருடமும் நம் இளைஞர்கள் பலர் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போய்ப் பார்த்து வர வேண்டும் என்பது அவர் ஆசை.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யாரை ஏசுகிறார்? வீடு வீடாகப் போய் டிக்கெட்டுக்குக் காசு சேர்த்தவர்களையா? அளசிங்கரே மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய ஒரு வாத்தியார்தானே?

பிறகு இன்னொரு விதமாகவும் விளங்கியது. அந்தக் கடிதத்தை அவர் எந்த அரசருக்கும் எழுதவில்லை. வெளியே வரமுடியாதவர்களுக்கு எழுதினார். தங்கள் காசில் ஒருவரை அனுப்பிவிட்டு, தெருவோரத்தில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு எழுதினார். "உங்களுக்காகப் பார்த்தேன், இதுதான் கண்டது, இனி நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிற கடிதம் அது. அவர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் கையில் காசு முடிந்து அவர் தவித்தபோது மறுபடியும் சேர்த்து அனுப்பியவர்கள் சென்னைக்காரர்கள். 1895இல் அளசிங்கர் சென்னையிலிருந்து 'பிரம்மவாதின்' என்ற இதழைத் தொடங்கினார்.

கப்பல்களும் சும்மா இருக்கவில்லை. ஜப்பானின் கப்பல்கள் விரைவில் பம்பாய் வரை ஓடப்போகின்றன என்று கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. அதே வருடம் நவம்பரில் நிப்பொன் யூசென் கைஷா என்ற கம்பனியின் கப்பல் கோபேயிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. ஒசாகா ஆலைகளுக்கு இந்தியப் பருத்தி வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டில் பங்கெடுத்த ஜம்ஷெட்ஜி டாட்டா, விவேகானந்தர் யோகோஹாமாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கப்பலில் சக பயணி. ஐந்து வருடம் கழித்து, அந்தப் பயணத்தை நினைவூட்டி, ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்குவது பற்றி டாட்டா அவருக்குக் கடிதம் எழுதினார். பெங்களூரில் இன்று இருக்கும் இந்திய அறிவியல் கழகம் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான்.

நாற்பது வருடம் கழித்து ஒரு தமிழ் இளைஞர் அந்தக் கடிதம் கேட்டதை அப்படியே செய்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியார். 1930களில் ஜப்பானுக்குப் போனவர் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. டோக்கியோவில் தங்கிப் புகைப்படக் கலையைப் படித்தார். கற்ற தொழிலோடு உலகத்தைச் சுற்றினார். காந்தியைப் பற்றிய படச்சுருள்களை நாடு நாடாகத் தேடிச் சேர்த்து, 1940இல் ஒரு முழுநீள ஆவணப்படமாகக் கொடுத்தார். தமிழில் பயணக் கட்டுரை என்றால் இன்றும் முதலில் வருவது அவர் பெயர்.

ஜன்னலில் தெரியாதது

இங்கேயே முடித்தால் அழகான கதையாக இருக்கும். ஆனால் அது அரைக் கதை.

விவேகானந்தர் அந்தக் கடிதத்தில் இன்னொன்றையும் மெச்சினார். ஜப்பானின் ஒழுங்கான படை. அவர்களின் அதிகாரி ஒருவரே கண்டுபிடித்த துப்பாக்கி. வளர்ந்துகொண்டிருக்கும் கடற்படை. அடிமை நாட்டிலிருந்து போன ஒருவருக்கு, ஆசிய நாடு ஒன்று சொந்தத் துப்பாக்கியோடு நிமிர்ந்து நிற்பதைக் கண்டால் நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கும். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வருடமே, 1894இல், அந்தப் படை சீனாவோடு போருக்குப் போனது. 1895இல் தைவான் ஜப்பானின் கையில். 1910இல் கொரியா.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நாலு நாள் கழித்துத் திருகோணமலையில். விவேகானந்தர் ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் பார்த்த அதே கொழும்பு. அவர் இறங்கிய பினாங்கும் சிங்கப்பூரும் அதற்கு முன்பே ஜப்பானின் கையில் விழுந்திருந்தன.

பிறகு வந்ததும் ஒரு ரயில் கதைதான். பர்மாவில் இருந்த தன் படைக்குச் சாமான் அனுப்ப, தாய்லாந்திலிருந்து காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானிய இராணுவம் முடிவு செய்தது. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்து 1943 ஒக்டோபரில் முடித்தது. வேலைக்கு ஆள் வேண்டும். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்து 70,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தமிழர். நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை, பிடித்து ஏற்றிச் சிலரை. அவர்கள் ஏறிய ரயிலில் ஜன்னல் இல்லை. இரும்புச் சரக்குப் பெட்டி. கொலரா, மலேரியா, பசி. மேற்கு நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் அந்தப் பாதையில் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ஆசியத் தொழிலாளர் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக, பல்லாயிரக் கணக்கில் இறந்தார்கள். அவர்களை ஒழுங்காக எண்ணக்கூட இல்லை. இந்தக் கதையைத் தமிழில் படிக்க விரும்பினால், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலைத் தேடுங்கள்.

கோபேயின் வெண்கலப் புத்தரைச் சொன்னேனே? 1944இல் போருக்கு உலோகம் வேண்டும் என்று அவரையும் உருக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்து போனது. இன்று அங்கே இருக்கும் புத்தர் 1991இல் புதிதாக வைத்தவர்.

1893இல் ரயிலில் போனவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தெரியாதுதான். அவர் கண்டதும் பொய் இல்லை. சுத்தமான தெருவும் உண்மை, தீப்பெட்டித் தொழிற்சாலையும் உண்மை, தாங்களே குடைந்த சுரங்கமும் உண்மை. ஆனால் ஒரு நாட்டைப் பார்த்து ஆசைப்படும்போது, எதற்கு ஆசைப்படுகிறோம் என்று ஒரு தடவை நின்று யோசிக்க வேண்டும். சுரங்கம் தோண்டும் கைக்கும் துப்பாக்கிக்கும் சேர்த்து ஒரே மூச்சில் ஆசைப்பட்டுவிடலாம். அது மிகவும் சுலபம்.

அப்பாவின் துறைமுகம்

என் அப்பா 1980களின் கடைசியில் வெளிக்கிட்டவர். லண்டனுக்கு வந்து சேர முன் அவர் நான்கு நாடுகளைக் கடந்தார். அதில் ஒன்று பெரிய துறைமுக நகரம். அங்கே 41 நாள் இருந்தார். ஒரு அறையில் ஒன்பது பேர். திரைச்சீலையைத் திறக்கக் கூடாது என்பது ஏஜென்சிக்காரரின் கட்டளை. ஓரத்தில் ஒரு விரல் இடைவெளியால் பார்த்தால், பாரந்தூக்கி ஒன்றின் மேல்பாதி தெரியுமாம். கப்பல் ஊதும் சத்தம் இரவில் கேட்குமாம். கடலைக் காணவேயில்லை.

அங்கிருந்து அப்பம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டார். தன்னுடைய தாயை அவர் அப்படித்தான் எழுதவில்லை, "அன்புள்ள அம்மா" என்றுதான் எழுதினார், எங்களுக்குத்தான் அவ அப்பம்மா. அதில் இருந்தது ஒரே வரி. சுகமாக இருக்கிறேன், யோசிக்க வேண்டாம். காப்பைக் கழற்றிக் கொடுத்த தாய்க்கு எழுத அவரிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. நான்கு நாடு கடந்தும் ஒன்றையும் காணாத ஒருவர்தான் அன்று மச்சாளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை மச்சாளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அப்பாவின் கைபேசிக்கு ஒரே ஒரு படம் வந்தது. நானூறில் அதுவும் இருந்திருக்கிறது, அன்று வேகமாகத் தள்ளிவிட்டாள். கோபேயின் மெரிக்கன் பூங்காவில் எடுத்தது. 1995 ஜனவரி 17ஆம் திகதி அந்தப் பகுதியை உலுக்கிய பூமியதிர்ச்சியில் 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துறைமுகம் நொறுங்கியது. முழுவதையும் திருத்திக் கட்டியவர்கள், கரையில் சுமார் 60 மீட்டரை மட்டும் திருத்தாமல் வைத்திருக்கிறார்கள். பிளந்த சீமெந்து, தண்ணீருக்குள் அமிழ்ந்த கல், சரிந்து நிற்கும் விளக்குக் கம்பம், எல்லாம் அப்படியே.

படத்துக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழையோடுதான். "மாமா, இதுக்கு முன்னால ஒரு கிழவி பேரனைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டு நிண்டவ. என்ன சொன்னவ எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா அவ கையைக் காட்டின விதம் விளங்கினது. பிறகுதான் நான் ரயிலுக்குப் போனனான்."

அப்பா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். யாழ்ப்பாண ரயில் நிலையம் 1990இலிருந்து கூரையும் தண்டவாளமும் இல்லாமல் கிடந்தது. 2014இல் திருத்தி, யாழ்தேவி மறுபடியும் வந்தபோது அவர் போய் ஏறிவிட்டு வந்தவர்.

"நல்ல வடிவாத் திருத்தியிருக்கினம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஒரு துண்டுச் சுவரை இப்பிடி விட்டிருந்தா, உங்களையும் கூட்டிக்கொண்டுபோய்க் கையைக் காட்டியிருப்பன்."